டிசெம்பரில் கொழும்பு, கையில் சின்னப் பிள்ளைகள்: முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள்

டிசெம்பர் விடுமுறை தொடங்கினால் "பிள்ளைகளைக் கொழும்பில எங்க கூட்டிக்கொண்டு போகலாம்?" என்ற கேள்வியும் தொடங்கிவிடும். பதிலாக வருவது எப்போதும் ஒரே பட்டியல்: மிருகக்காட்சிசாலை, தாமரைக் கோபுரம், காலிமுகத்திடல், ஏதாவது ஒரு மோல். பட்டியலில் பிழை இல்லை. அவ்வளவையும் ஒரே சனிக்கிழமைக்குள் அடைக்கப் பார்ப்பதுதான் பிழை. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு வெளிக்கிடுகிறவர்கள் இடத்தைத் தீர்மானிக்க முதல் நேரத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

கொழும்பில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. டிசெம்பரிலும் பகலில் 30 பாகை எரிக்கும். இரவில் 23க்கு இறங்கினால் அதற்கே அம்மம்மாமார் பிள்ளைக்குக் கம்பளித் தொப்பி தேடுவார்கள். பார்க்க வேண்டியது குளிரை அல்ல, மழையை. இந்த மாதத்தில், அதிலும் முதல் பாதியில், காலை பளிச்சென்று விடியும். காற்று வடகிழக்கிலிருந்து வீசும். மத்தியானத்துக்குப் பிறகு கடற்காற்று எதிரே வந்து அதோடு முட்டும். உள்நாட்டுப் பக்கம் திரண்ட முகில் பின்னேரம் கரைப்பக்கமாகத் தள்ளப்பட்டு, இடியோடு கொட்டும். காலை 9 மணி வானத்தை நம்பி 4 மணிக்குத் திட்டம் போட்டவர்கள் நனைவது இதனால்தான். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்றால் கணக்கே வேறு, நாள் முழுக்கப் பெய்யும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பை வெள்ளிக்கிழமை இரவே பார்த்துவிடுங்கள்.

ஆக, உங்கள் கையில் இருப்பது காலை 6.30 முதல் 10.30 வரைக்குமான நாலு மணித்தியாலம். வெளியில் செய்ய நினைப்பதெல்லாம் அதற்குள். பிறகு வீடு, சோறு, நித்திரை. 4 மணிக்கு வானம் விட்டால் இன்னொரு சின்னச் சுற்று. விடாவிட்டால் இழப்பு ஒன்றும் இல்லை. திருவெம்பாவை நடக்கிற பத்து நாளும் இது இன்னும் சுலபம். பூசைக்கு இருட்டோடு எழும்பின பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்பப் படுக்கவைக்க மினக்கெடாமல், கோயிலில் கிடைத்த பொங்கலோடு நேரே பூங்காவுக்குப் போய்விடலாம்.

சின்னப் பிள்ளைக்குக் கொழும்பில் உள்ள மிகச் சிறந்த விளையாட்டு எது என்று கேட்டால், கரையோர ரயில் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. காசும் பெரிதாக ஆகாது. கோட்டையிலிருந்து கல்கிசைக்கு அரை மணித்தியாலம் வரும். கொள்ளுப்பிட்டியிலிருந்து பாதை கடலை ஒட்டியே போகும். போகும்போது வலப்பக்க யன்னல், திரும்பும்போது இடப்பக்கம். எல்லா நிலையத்திலும் நிற்கிற ரயில்தான் வேண்டும். காலி, மாத்தறைக் கடுகதிகள் எல்லா இடத்திலும் நிற்காது. சனி, ஞாயிறில் ரயில்கள் குறைவு, ஒன்றை விட்டால் மேடையில் நெடுநேரம் காய வேண்டிவரும். நேர அட்டவணையைப் பார்த்து, திரும்பும் ரயிலையும் முதலே குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளவத்தைக்காரருக்குக் கல்கிசை இரண்டே தரிப்பு, பிள்ளை யன்னலோரம் இருக்க முதல் இறங்க வேண்டும். அவர்கள் எதிர்த்திசையில் கோட்டைக்குப் போய்த் திரும்பி வருவது மேல்.

கரைச்சல் ஏறும்போதுதான். படி மேடையை விட உயரம், நடுவில் இடைவெளியும் உண்டு. ஒரு பெரியவர் முதலில் ஏறி, மற்றவர் கீழே நின்று பிள்ளையைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். பிள்ளையை முன்னால் ஏறவிட்டுப் பின்னால் தள்ளக் கூடாது. கதவுகள் திறந்தபடியே ஓடும், ஆகவே கதவடி வேண்டாம். கல்கிசையில் கடற்கரைக்குப் போகத் தண்டவாளத்தைக் கடக்கிறவர்கள் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: பாதை இரண்டு. ஒரு ரயில் போனவுடனே ஓடினால், அதன் மறைவில் எதிர்ப்பக்கத்து ரயில் வரும்.

கல்கிசைக் கரை மேற்கைப் பார்த்தது. காலையில் வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும், மரங்களும் கட்டடங்களும் மணலில் நிழல் விழுத்தும். 9 மணிக்குப் பிறகு அந்த நிழல் சுருங்கிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களை விட டிசெம்பரில் கடல் அமைதி. அதற்காகக் கணுக்காலுக்கு மேல் விடாதீர்கள், திரும்பும் அலை காலடி மணலை அரித்து இழுக்கும். சிவப்புக் கொடி கண்டால் மணல் வீட்டோடு சரி.

கொழும்பு 7 பக்கம் போகிறவர்களுக்கு விகாரமாதேவி பூங்காவும் தேசிய நூதனசாலையும் நடக்கும் தூரம். முதலில் பூங்கா, பிறகு நூதனசாலை. மாற்றிச் செய்தால் உள்ளே ஓடித்தான் தீர்ப்பார்கள். 1877இல் திறந்த அந்த வெள்ளைக் கட்டடத்தில் நாலு வயதுப் பிள்ளை தாங்குவது அதிகம் போனால் 40 நிமிடம். கண்டி அரசனின் சிம்மாசனத்தைக் காட்டி, முன் முற்றத்து ஆலமரத்தடிக்குக் கூட்டிவாருங்கள், பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். தள்ளுவண்டி பூங்காவிலும் சுதந்திர சதுக்கத்திலும் ஓடும். நடைபாதைகளில் ஏலாது, தூக்கிச் சுமக்கத்தான் வேண்டும்.

கோட்டேயிலுள்ள பெத்தகான ஈரநிலப் பூங்காவை ஏனோ நம்மவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. 2018இல் கொழும்பு, ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் அங்கீகாரம் பெற்ற ஈரநில நகரமானது இப்படியான இடங்களால்தான். மரப்பாதையில் நடந்தால் நீர்க்காகம், கபரகொய்யா எல்லாம் கண்ணில் படும். உண்மையான குளிர்காலம் கொழும்புக்கு வருவது வலசைப் பறவைகளோடுதான். ஆறுமணிக்குருவி இந்தியாவிலிருந்து வந்து தங்குகிற மாதங்கள் இவை. ஆனால் நுளம்பு! டெங்கு நுளம்பு கடிப்பது பகலில். விடியவும் பொழுதுபட முன்னும்தான் அதிகம். முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, வீட்டை விட்டு இறங்க முதலே நுளம்புக் கிறீம். கிறீமைப் பிள்ளையின் உள்ளங்கையில் பூசாதீர்கள், நேரே வாய்க்குப் போகும்.

தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கென்றால் கதவு திறக்கிற நேரத்துக்கே போங்கள். இடம் சரிவு, ஏற்றம் உண்டு. திரும்பி ஏறும்போது பிள்ளை தோளில் இருக்கும் என்று கணக்கு வையுங்கள்.

காலிமுகத்திடல் 4.30க்குப் பிறகு. டிசெம்பரில் சூரியன் 6 மணியோடு விழுந்துவிடும், அதுவரை வெயில் நேரே கண்ணுக்குள். தொப்பி அவசியம். இடி கேட்டால் பட்டத்தைச் சுற்றிக்கொண்டு உடனே கட்டடத்துக்குள் போங்கள். அந்த வெட்டவெளியில் உயரமாக நிற்பது நீங்கள்தான். இறால் வடை கண்முன்னால் பொரித்தெடுத்ததாக இருக்கட்டும். மேலே இருக்கும் இறால் தலையோடும் கோதோடும் பொரிந்தது, சின்னவர்களுக்கு அதைக் கழற்றிவிட்டு வடையை மட்டும் கொடுங்கள். ஐந்து வயதுக்குள் முழுக் கடலையும் வேண்டாம், தொண்டையில் அடைக்கும். மழை தொடங்கினபின் ஆப்பில் ஓட்டோ தேடினால் காசும் கூடும், வரவும் பிந்தும். முகில் கறுக்கும்போதே பதிவு செய்யுங்கள்.

மோல் மழைக்கு ஒதுங்க நல்லது, நாள் முழுக்க இருக்க அல்ல. வியர்வையோடு ஏசிக்குள் போகும் பிள்ளைக்குக் காய்ந்த சட்டையும் மெல்லிய சுவெட்டரும் வேண்டும். விளையாட்டுக் கூடத்துக்குக் காலுறை கேட்பார்கள், வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

அரை நாள் பையில் இரண்டு பிள்ளைக்கு: ஒன்றரை லீற்றர் தண்ணீர், ஆளுக்கு ஒரு மாற்றுடுப்பு, ஒரு துவாய், ஈர உடுப்புக்குப் பொலித்தீன் பை, பம்பஸ் மூன்று, டிசு, சவர்க்காரத் துண்டு, ஒரு ஜீவனிப் பக்கெட் (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் தூள்). அதைப் பக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், கையிலிருக்கும் அரைப் போத்தலில் அல்ல.

வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இந்த நேரக் கணக்கு முதல் மூன்று நாலு நாளுக்கு ஓடாது. மெல்பேர்ன் பிள்ளை ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருக்கிறது, விடிய 2 மணிக்கே எழும்பிப் பசி என்னும். காலை ரயில் அதற்குத்தான். லண்டன் பிள்ளை அதே அளவு பின்னால், மத்தியானத்துக்கு முதல் கண் திறக்காது. அவர்களுக்குப் பின்னேரக் காலிமுகத்திடலை வையுங்கள். ரொறன்ரோவுக்குப் பத்தரை மணித்தியால வித்தியாசம், இரவும் பகலும் தலைகீழ். அந்த வீட்டில் முதல் சனி, ஞாயிறுக்கு எதையும் பதிவு செய்யாதீர்கள். இரவு 2 மணிக்குச் சாப்பிட இடியப்பமும் சொதியும் இருந்தால் போதும்.