பாட்டில் காசு யாருக்குப் போக வேண்டும்?

எங்கள் நகர் நலச் சங்கத்தில் கொஞ்ச நாளாக ஒரு யோசனை பேசப்படுகிறது. வீடுகளில் சேரும் தண்ணீர் பாட்டில், பால் கவர், எண்ணெய் கேன் ஆகியவற்றைச் சங்கமே தனியாகச் சேகரித்துப் பழைய பொருள் கடையில் விற்பது. வரும் பணத்தைப் பொங்கல் விழாவுக்கும் சங்கச் செலவுக்கும் வைத்துக்கொள்வது. மீதிக் குப்பையை வழக்கம்போல் தூய்மைப் பணியாளர்களிடம் கொடுத்துவிடுவது. யோசனை சொன்னவர்கள் ஊருக்காக உழைக்கிறவர்கள். அவர்கள் நோக்கத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் இதை முழுமூச்சாக எதிர்க்கிறேன். கடலூரில் வேறு நகர்களிலும் இதே எண்ணம் எழலாம் என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

மக்காத குப்பை என்று நாம் ஒரே பையில் போட்டுக் கட்டுவது உண்மையில் ஒரே பொருள் அல்ல. தண்ணீர் பாட்டில் 'பெட்' என்கிற பிளாஸ்டிக் வகை. நொறுக்கிக் கழுவி உருக்கினால் பாலியஸ்டர் நூலாகிறது, அதற்கு எப்போதும் விலை உண்டு. ஷாம்பு டப்பாவும் எண்ணெய் கேனும் கனமான பாலித்தீன். உடைந்த வாளி, குடம், பால் கவர் எல்லாவற்றுக்கும் வாங்க ஆள் இருக்கிறது. ஆனால் சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்? பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஏடு ஏடாக ஒட்டப்பட்ட பொருள் அது. பிரிக்க முடியாது, உருக்கினாலும் உருப்படியாக எதுவும் வராது. மூட்டை மூட்டையாகச் சேர்த்தாலும் தராசில் எடை நிற்காது. பழைய பொருள் கடைக்காரர் அதைக் கண்டால் கையை ஆட்டி அனுப்பிவிடுவார்.

இந்த இரண்டு வகையும் ஒரே மூட்டையில் இருப்பதால்தான் அந்த மூட்டையை ஒருவர் பிரிக்கிறார். என் வாதம் முழுவதும் இதுதான்.

எங்கள் தெருமுனை வேப்பமரத்தடியில் தூய்மைப் பணியாளரான ஓர் அக்கா காலை வேளையில் உட்கார்ந்து பிரிப்பதைப் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். கண்ணால் பார்த்து மட்டும் பிரிப்பதில்லை. கவரைக் கையில் எடுத்து ஒருமுறை கசக்குகிறார். மொறமொறவென்று சத்தம் வந்தால் ஒரு பக்கம், சத்தமே இல்லாமல் வழவழவென்று அடங்கினால் இன்னொரு பக்கம். பாட்டிலில் மூடியைத் திருகிக் கழற்றித் தனியாகப் போடுகிறார், ஏனென்றால் மூடி வேறு பிளாஸ்டிக். சாம்பார் கவர் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு முடிச்சை அவிழ்த்து மிச்சத்தைக் கொட்டுகிறார். பால் கவர் இரண்டு நாள் கழுவாமல் கிடந்தால் எப்படி நாறும் என்று நமக்குத் தெரியும். நம் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் அதை ஒரு மணி நேரம் வைக்க மாட்டோம். அவர் மடியில் அப்படிப்பட்டவை நூறு கிடக்கின்றன. ஒருநாள் கையை உதறிக்கொண்டு எழுந்தார். ஊசி குத்திவிட்டது. சர்க்கரைக்குப் போட்டுக்கொள்ளும் இன்சுலின் ஊசி, மூடிகூட இல்லாமல், முறுக்குக் கவருக்குள் கிடந்தது.

இத்தனைக்கும் அவர் அந்த மூட்டையை அவிழ்ப்பது ஏன்? உள்ளே பாட்டில் இருக்கிறது, பால் கவர் இருக்கிறது, அவை நாலு காசு ஆகும் என்பதால். பாட்டிலை நாம் முன்கூட்டியே உருவி எடுத்துவிட்டால் மூட்டையில் மிஞ்சுவது நாற்றமும் ஊசியும் சிப்ஸ் பாக்கெட்டும்தான். அதை எதற்காக அவிழ்க்க வேண்டும்? கட்டியது கட்டியபடி வண்டியில் ஏறும், கட்டியபடியே கொட்டப்படும், அல்லது எங்காவது ஓடைக்கரையில் கொளுத்தப்படும். திறந்த வெளியில் குப்பையை எரிக்கக் கூடாது என்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. ஆனால் பிரிக்க ஆளில்லாத குப்பைக்கு நெருப்புதான் சுலபமான வழி என்பது மாலையில் புறவழிச்சாலைப் பக்கம் போகிற எவருக்கும் தெரியும்.

சங்கத்துக்கு வருகிற பணம் அப்படி ஒன்றும் பெரிதாகவும் இருக்காது. அதற்காக நாம் இழப்பது, நம் தெருவில் குப்பையைப் பிரிப்பதற்கு இருக்கிற ஒரே காரணத்தை.

கடலூரில் இது சாதாரண விஷயம் அல்ல. தென்பெண்ணையும் கெடிலமும் நம் ஊருக்குள் வந்துதான் கடலில் சேர்கின்றன. மேற்கே எங்கு மழை கொட்டினாலும் வடிகிற இடம் நாம். 2015 நவம்பர், டிசம்பரில் பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையும் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணைக் கரையோரக் குடியிருப்புகளை மூழ்கடித்தன. அவ்வளவு பெரிய வெள்ளத்துக்குக் கவரைக் காரணம் சொல்ல முடியாது. ஆனால் தெருவில் தேங்கிய தண்ணீர் வடியாமல் நாள்கணக்கில் நின்றதற்குக் காரணம் சொல்லலாம். வாய்க்காலைத் தூர்வாரும்போது மேலே வருவதைப் பாருங்கள். பாட்டில் அரிதாகத்தான் வரும், அதை யாராவது முன்பே பொறுக்கியிருப்பார்கள். சேற்றோடு சேர்ந்து பாய் பாயாக வருவது கவரும் உறையும்தான். விலை இல்லாத பிளாஸ்டிக்தான் சாக்கடையை அடைக்கிறது, தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒதுங்குகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. கேரி பேக்கின் தடிமன் 120 மைக்ரானுக்குக் குறையக் கூடாது என்பது 2022 கடைசியிலிருந்து நாடு முழுவதற்கும் விதி. மஞ்சப்பை இயக்கமும் வந்தது. இருந்தும் டிபன் பார்சலில் சட்னி கவரில்தான் வருகிறது. பிளாஸ்டிக் உறையில் பொருளை விற்கும் நிறுவனங்கள் அந்த உறையைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. அதில் பல அடுக்கு உறைக்குத் தனி வகையே இருக்கிறது. எங்கள் தெருவின் பிஸ்கட் உறையைத் தேடி இதுவரை எந்த நிறுவனமும் வரவில்லை. வருகிறவரை அதைத் தொடுகிற ஒரே கை, அந்த அக்காவின் கை.

அந்த உறைகளுக்கும் போக்கிடம் உண்டு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் பிளாஸ்டிக்கைத் துருவி, சூடான ஜல்லியின் மேல் தூவி, அதன்பின் தார் கலக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். யாரும் வாங்காத உறைகளும் மெல்லிய கவர்களும் அந்தச் சாலைக்கு ஆகும். மறுசுழற்சிக்கு ஆகாததை சிமெண்ட் ஆலைச் சூளையில் நிலக்கரியோடு எரிபொருளாகப் போடுகிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே அரியலூரில் ஆலைகள் இருக்கின்றன. ஆனால் எங்கே போனாலும் அது பிரித்ததாக, உலர்ந்ததாகப் போக வேண்டும். பிவிசி கலந்தால் ஆகாது, ஈரமாக இருந்தால் ஆகாது. மறுபடியும் அந்த வேப்பமரத்தடிக்குத்தான் வந்து நிற்கிறோம்.

"அவர்களுக்குத்தான் சம்பளம் கொடுக்கிறார்களே" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். சம்பளம் குப்பையை எடுத்துப் போவதற்கு. கசக்கிப் பார்த்துச் சத்தத்தால் பிரிக்கிற அறிவுக்கு யாரும் சம்பளம் தரவில்லை. அதற்கான கூலி அந்தப் பாட்டிலில்தான் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு உறையை மட்டும் அவரிடம் நீட்டுவது கூலியைப் பிடுங்குவது. வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

கவரைக் கழுவத் தண்ணீர் வீணாகும் என்றும் சொன்னார்கள். பாத்திரம் கழுவிய கடைசித் தண்ணீர் போதும். அலசி, துணிக்கொடியில் கவ்வி போட்டுத் தொங்கவிட்டால் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். பால் கவரின் முனையை முழுதாக வெட்டி எறியாமல் ஒட்டியபடியே விட்டால், அந்தத் துணுக்கும் சாக்கடைக்குப் போகாது. ஊசியையும் பிளேடையும் ஒரு டப்பாவில் போட்டு மூடித் தனியாகக் கொடுக்க வேண்டும். நாப்கினைத் தாளில் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் வீட்டுக்காரர்களின் வேலை.

சங்கத்துக்குச் செய்ய நிறைய இருக்கிறது, விற்பனை மட்டும் வேண்டாம். பொங்கல் விழாவுக்குப் பணம் வேண்டுமானால் சந்தாவைக் கூட்டுங்கள், நான் முதலில் தருகிறேன். வாரத்தில் ஒரு நாள் உலர்ந்த பிளாஸ்டிக்குக்கு மட்டும் என்று முடிவு செய்து எல்லா வீட்டுக்கும் சொல்லுங்கள். பூங்காவை ஒட்டிய காலி இடத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, உட்கார்ந்து பிரிக்க ஒரு மேசையும் கை கழுவ ஒரு குழாயும் வையுங்கள். தடித்த கையுறை வாங்கிக் கொடுங்கள், கிழிந்தால் மறுபடி வாங்கிக் கொடுங்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் மரத்தடியில் எதையும் உலர்வாக வைத்திருக்க முடியாது. கொட்டகை அதற்கு முன்பே எழும்ப வேண்டும்.