டி.ஓ.ஐ. எண் இருந்தால் மட்டும் போதாது

"சாட்ஜிபிடி டி.ஓ.ஐ. எண்ணோடு மேற்கோள் பட்டியலே தந்துவிடுகிறது, இனி கல்லூரியில் நூலகப் பயிற்சி வகுப்பு எதற்கு?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். டி.ஓ.ஐ. என்பது ஆய்வுக் கட்டுரைகளுக்குத் தரப்படும் நிரந்தர அடையாள எண். மாணவர்கள் இதை நம்பினால் சிக்கலில் மாட்டிக்கொள்வார்கள்.

சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரி அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்து எழுதுகிறது. டி.ஓ.ஐ. 10 என்று தொடங்கும், நடுவில் சாய்கோடு வரும் என்ற வடிவம் அதற்கு அத்துப்படி. அந்த எண்ணில் ஒரு கட்டுரை உண்மையிலேயே இருக்கிறதா என்பது வேறு விஷயம். சில நேரம் ஆசிரியர் பெயர் நிஜம், இதழ் நிஜம், ஆனால் அப்படி ஒரு கட்டுரையே வந்திருக்காது. மேற்கோளில் சொன்ன இதழ்த் தொகுதியை எடுத்து அதே பக்கத்தைப் புரட்டினால் சம்பந்தமில்லாத வேறு கட்டுரை இருக்கும். தலைப்பை மட்டும் பார்த்தால் கண்டுபிடிக்கவே முடியாது, அவ்வளவு பொருத்தமாக இருக்கும்.

2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் இப்படி வந்த, இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. படித்துத் தேர்ந்தவர்களுக்கே இந்த நிலை என்றால், முதலாமாண்டு மாணவரை எப்படிக் குறை சொல்வது?

சரி, இணையத்தில் தேடிப் பதில் தரும் கருவிகள் பரவாயில்லை, பெரும்பாலும் உண்மையான இணைப்பைத் தருகின்றன. ஆனால் அந்தக் கட்டுரை, கருவி சொல்வதைத்தான் சொல்கிறதா என்று திறந்து படித்தே ஆக வேண்டும். எண்ணை டி.ஓ.ஐ. தளத்தில் போட்டுப் பார்ப்பது, தரவுத்தளத்தில் தேடுவது, மூலத்தைப் படிப்பது, இதையெல்லாம் நூலகர்கள் அந்த வகுப்பில்தான் கற்றுத்தருகிறார்கள். தயவுசெய்து அதைத் தவறவிடாதீர்கள்.