"டி.சி.ஏ. 3/12" என்றால் மூன்று மாதம் கழித்து வரவும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில், அரசாங்க கிளினிக் டாக்டர் எழுதும் குறிப்பு பெரும்பாலும் இப்படித்தான் முடியும்: "டி.சி.ஏ. 3/12". மூன்று மாதம் கழித்துத் திரும்ப வரவும் என்று அர்த்தம். அமெரிக்கக் குறிப்புகளைப் படித்துப் பழகிய மென்பொருளுக்கு டி.சி.ஏ. என்பது மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஒரு மருந்து வகை. 3/12 என்பது மார்ச் 12. இனிப்பு நீருக்கு மாத்திரை வாங்க வந்த அம்மாவின் பதிவில், அவர் கண்ணால்கூடப் பார்க்காத மருந்து ஏறிவிடும்.

டாக்டர் எழுதியதைக் கணினி படித்துப் பெட்டி பெட்டியாகப் பிரித்து வைக்கும் வேலை நமக்குக் கட்டாயம் வேண்டும். செலாயாங் மருத்துவமனை 1999-இலேயே காகிதமில்லா மருத்துவமனையாகத் தொடங்கியது. ஆனால் கணினியில் ஏறியதையெல்லாம் எண்ணிவிட முடியாது. ரத்தப் பரிசோதனை முடிவு எண்ணாக இருக்கிறது. "தோட்டத்தில் மருந்து அடிக்கிறார், 2/52 கையில் அரிப்பு" (2/52 என்றால் இரண்டு வாரம்) என்பது வெறும் வாக்கியமாகக் கிடக்கிறது. பராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் தடை. மற்ற களைக்கொல்லிகளை நம் ஆட்கள் இன்னும் முதுகில் சுமந்துதான் அடிக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் அரிப்போடு கிளினிக்குக்கு வந்தார்கள் என்று கேட்டால், குறிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை.

அதற்காக வெளிநாட்டுக் கருவியை அப்படியே வாங்கி மாட்டக் கூடாது. முதல் வேலை, நோயாளி யாரென்று தெரியாதபடி பெயரையும் ஐசி (அடையாள அட்டை) எண்ணையும் அழிப்பது. ஐசி எளிது: 12 இலக்கம், முதல் ஆறு பிறந்த தேதி. பெயர்தான் சிக்கல். நம் பெண்கள் பெயரின் நடுவில், இன்னாரின் மகள் என்று சொல்ல வரும் "ஏ/பி"யும், ஆங்கிலக் குறிப்பில் "மதிப்பீடு, திட்டம்" பகுதிக்குப் போடும் தலைப்பும் ஒரே சுருக்கம். பகுதி பிரிக்கும் நிரல் பெயரின் நடுவிலேயே வெட்டி, அப்பா பெயரை நோய்ப் பகுதிக்குள் தள்ளிவிடும். அழிய வேண்டிய பெயர் அங்கே பத்திரமாகத் தங்கிவிடும். வரியின் தொடக்கத்தில் வந்தால் தலைப்பு, இரண்டு பெயர்களுக்கு நடுவே வந்தால் பெயர் என்று ஒரு விதி போட்டாலே பெரும்பகுதி தீரும்.

அடுத்தது "இல்லை". 2001-இல் வந்த நெக்எக்ஸ் என்ற எளிய முறை, மறுப்புச் சொல்லுக்குப் பக்கத்தில் ஐந்து சொல் வரைதான் பார்த்தது. டாக்டர் "நோ" என்று தொடங்கி ஏழெட்டு அறிகுறிகளை அடுக்கினால், கடைசியில் நிற்பவை நோயாளிக்கு இருப்பதாகப் பதிவாகும். மலாயில் "தியாடா டெமாம்" என்று எழுதியிருந்தால் ஆங்கிலப் பட்டியலுக்கு மறுப்பே தெரியாது. காய்ச்சல் இல்லாதவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். "டி.ஆர்.ஓ. டெங்கி" என்பது டெங்கியா என்று பார்க்கச் சொல்வது, டெங்கி என்று சொல்வதல்ல. "அம்மாவுக்கு டி.எம்." என்றால் இனிப்பு நீர் அம்மாவுக்கு. உண்டா இல்லையா, யாருக்கு, எப்போது என்ற மூன்றும் தெரிந்த பிறகுதான் ஐ.சி.டி-10 என்ற உலகப் பொது நோய்ப் பட்டியலின் குறியீடு போடலாம்.

நம் கிளினிக் குறிப்புகளில் 300 எடுத்து, இரண்டு பேர் ஒருவர் செய்ததை மற்றவர் பார்க்காமல் குறியிடட்டும். அவர்கள் மாறுபடும் இடங்களுக்கு முதலில் விதி எழுத வேண்டும். ஆட்களே ஒத்துப்போகாத இடத்தில் கணினி தடுமாறத்தான் செய்யும். 200-ஐ வைத்துப் பழக்கி, மீதி 100-ஐ யாரும் தொடாமல் சோதனைக்கு வையுங்கள். ஒட்டுமொத்த மதிப்பெண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். மருந்தளவுக்கும் ஒவ்வாமைக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். இருமல் விட்டுப்போனால் சமாளிக்கலாம், பெனிசிலின் ஒவ்வாமை விட்டுப்போனால் உயிருக்கே ஆபத்து.

சாட்ஜிபிடி போன்ற புதிய பெரிய மொழி மாதிரிகள் சுருக்கங்களை நன்றாகவே புரிந்துகொள்கின்றன. ஆனால் குறிப்பில் "மெட்ஃபார்மின்" என்று இனிப்பு நீர் மருந்தின் பெயர் மட்டும் இருக்க, வழக்கமான அளவைத் தானாக நிரப்பிவிடும் ஆபத்து அவற்றில் உண்டு. ஒவ்வொரு பெட்டியும் மூலக் குறிப்பின் எந்தச் சொல்லிலிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் பெட்டி காலியாகவே இருக்கட்டும்.

இவ்வளவு செய்தாலும் கணினிக்கு முன்பே தொலைந்துபோகும் ஒன்று உண்டு. பாட்டி "மயக்கமா இருக்கு" என்கிறார். தலைசுற்றலும் மயக்கம்தான், நினைவு தப்பி விழுவதும் மயக்கம்தான். மலாயில் "பெனிங்" என்று மாறும்போது தலைவலியும் சேர்ந்துகொள்கிறது. குறிப்பில் டாக்டர் எதை எழுதினாரோ அதுவே குறியீடாகிறது. நோயாளி சொன்ன சொல்லுக்கென்று ஒரு பெட்டி ஒதுக்குங்கள். அதில் "மயக்கம்" என்று தமிழிலேயே தட்டச்சு செய்ய முடிய வேண்டும்.