விசுவாசத்தை முதலில் விற்பது கிளப்தான்
'வீரர்களுக்குப் பணம்தான் குறி, விசுவாசம் செத்துவிட்டது' என்கிறது கால்பந்து வீரர்கள் கிளப் மாறுவதைப் பற்றிய ஒரு கட்டுரை. கிளப்பின் கணக்குப் புத்தகத்தையும் கொஞ்சம் புரட்டியிருக்கலாம். 10 கோடி யூரோவுக்கு 5 ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கிய வீரருக்கு ஆண்டுக்கு 2 கோடி செலவாக எழுதுவார்கள். 2 ஆண்டு கழித்து கணக்கில் அவர் மதிப்பு மிச்சம் 6 கோடி, அதே 6 கோடிக்கு விற்றால் லாபம் பூஜ்யம். அதே கிளப்பின் அகாடமியில், அதாவது சிறுவர் பயிற்சிப் பள்ளியில், வளர்ந்த பையனுக்கு வாங்கிய விலையே கிடையாது. 4 கோடிக்கு விற்றால் அநேகமாக 4 கோடியும் லாபம். கிளப்புகளின் செலவுக்கு வரம்பு வைக்கும் நிதி விதிகள் கழுத்தை நெரிக்கும்போது முதலில் யாரைத் தள்ளிவிடுவார்கள்? 6 வயதில் லண்டனின் செல்சி கிளப்புக்கு வந்த மேசன் மவுண்ட் 2023-ல் மான்செஸ்டர் யுனைடெட் போனார், அதே அகாடமியில் வளர்ந்த கானர் கேலகர் 2024-ல் ஸ்பெயினின் அத்லெட்டிகோ மாட்ரிட் போனார். மவுண்டுக்கு ஒப்பந்தம் ஓராண்டுதான் பாக்கி. புதுப்பிக்காவிட்டால் விற்றே ஆகவேண்டிய கட்டம் அது. ஒப்பந்தத்தின் கடைசி 6 மாதத்துக்குள் நுழைந்துவிட்டால் வீரர் வெளிநாட்டு கிளப்போடு முன்கூட்டியே கையெழுத்திடலாம், ஒப்பந்தம் முடிந்ததும் இலவசமாகப் போகலாம். இந்த இலவச விடுதலை, 1995-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த போஸ்மன் தீர்ப்பின் கைங்கர்யம். விசுவாசத்துக்கு உதாரணமாக இத்தாலிய வீரர் டோட்டியைக் காட்டுகிறவர்கள் உண்டு. உண்மைதான், 1993 முதல் 2017 வரை ரோமா கிளப்புக்கு மட்டுமே ஆடினார். ஆனால் அவர் நட்சத்திரமான பிறகு அவரை விற்கத் துணிவது அங்கே யாருக்கும் லேசான காரியமில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.