பன்னியோ கழுதையோ, ஓடுனா சரி

"பன்றி இதயத்தோடு வாழ்வதைவிடச் சாவதே மேல்" என்று, மனிதருக்குப் பன்றி இதயம் பொருத்தியதை 'மாபெரும் வெற்றி' என்று புகழும் கட்டுரைக்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். பாலக்கோட்டில் என் பெரியப்பாவுக்கு இதயச் செயலிழப்பு. பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். படுத்தால் இன்னும் மோசம். முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்தபடியே தூங்குகிறார். மாதம் ஒருமுறை தொப்பூர் கணவாய் தாண்டி சேலம் போய் வருகிறோம். இந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டியதும், "பன்னியோ கழுதையோ, ஓடுனா சரிடா" என்றார். பன்றித் திசுவில் செய்த இதய வால்வைப் பல்லாண்டுகளாக மனிதர்களுக்கு வைக்கிறார்கள், அதற்குப் பெரும்பாலும் யாரும் முகம் சுளிப்பதில்லையே.

எனக்கு உறுத்துவது கட்டுரையின் 'மாபெரும் வெற்றி' என்ற வார்த்தைதான். 2022 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலாந்தில் டேவிட் பென்னட்டுக்கு, 10 மரபணு மாற்றங்கள் செய்த பன்றியின் இதயத்தைப் பொருத்தினார்கள். இரண்டு மாதம் உயிரோடு இருந்தார். பன்றிக்கு வரும் வைரஸ் ஒன்று அந்த இதயத்தோடு வந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. 2023-இல் இதேபோல் பன்றி இதயம் பெற்ற லாரன்ஸ் ஃபாசெட்டுக்கு ஆறு வாரம்கூட முழுசாகக் கிடைக்கவில்லை. முதல் படி என்று சொல்லுங்கள், சரி.

அப்புறம், 1997-லேயே அசாமில் தனிராம் பருவா என்ற மருத்துவர் ஒரு நோயாளிக்குப் பன்றி இதயம் வைத்தார். நோயாளி ஒரு வாரத்தில் இறந்தார், மருத்துவர் சிறைக்குப் போனார். அதைக் கட்டுரை விட்டுவிட்டது.

பெரியப்பாவுக்கு மனித இதயமே கிடைத்தாலும், அதைத் தானம் தந்தவரிடமிருந்து எடுத்த நான்கு மணி நேரத்துக்குள் பொருத்திவிட வேண்டும் என்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து சென்னைக்குக் காரில் போகவே ஐந்து மணி நேரம் ஆகிறது.