திருவிழாவில் பென் டிரைவ் நீட்டும் தம்பிகளுக்கு

பங்குனி பிறந்துவிட்டது. மதுரையைச் சுற்றி ஊர் ஊராகச் சாமி சாட்டத் தொடங்கிவிட்டார்கள். டி.ஜே. செட் போடும் எங்களுக்கும் போன் வர ஆரம்பித்துவிட்டது. சீசன் சூடு பிடிக்கும் முன்பே விழாக் கமிட்டி அண்ணன்களுக்கும், செட்டுக்குப் பின்னால் வந்து பென் டிரைவை நீட்டும் தம்பிகளுக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சாதிப் பாட்டு ஏற்றிய அந்தப் பென் டிரைவை நான் சொருக மாட்டேன். யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி.

கோபப்படாமல் முழுசாகப் படியுங்கள்.

டி.ஜே. என்றாலே என் சொந்தக்காரர்களுக்கு இன்னும் கோவாதான் ஞாபகம் வருகிறது. 2007-இல் அங்கே சன்பர்ன் என்ற டி.ஜே. இசைத் திருவிழா தொடங்கியதிலிருந்து டி.ஜே. என்றால் அப்படி ஒரு படம் பலர் மனசில் பதிந்துவிட்டது. பெரிய மேடை, ஹெட்போன், கையைத் தூக்கி ஆடும் கூட்டம். அங்கே பெட்டி தூக்க, லைட் கட்ட, சவுண்டு பார்க்கத் தனித்தனி ஆட்கள் உண்டு. நம் பக்கம் செட்டை இறக்குவதும் நாங்கள்தான், ஜெனரேட்டருக்கு டீசல் பார்ப்பதும் நாங்கள்தான், அன்பளிப்பு கொடுத்தவர்கள் பேரை மைக்கில் வாசிப்பதும் நாங்கள்தான். ஒரு பேர் விட்டுப்போனால் அந்த மனுசர் அடுத்த பொங்கல் வரைக்கும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

பங்குனியில் தாயமங்கலம் பக்கம், சித்திரையில் வீரபாண்டி பக்கம், வைகாசியில் சோழவந்தான் பக்கம் என்று வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் பேரையூர், உசிலம்பட்டி, மேலூர் சுற்றுப்பட்டு ஊர்கள். ஒரு ஊரில் மஞ்சள் நீராட்டு முடிந்த கையோடு குட்டியானையில் சாமானை ஏற்றினால், சாயங்காலம் அடுத்த ஊரில் முளைப்பாரி. தூக்கமெல்லாம் வண்டியில், பேஸ் பெட்டிமேல்தான். கத்திரி வெயிலில் ஆம்ப்ளிஃபயர் சூடேறித் தானாக நின்றுவிடும். ஊர் முழுக்க சீரியல் செட் எரிவதால் ராத்திரியில் வோல்டேஜ் இறங்கும். கோடை மழை வந்தால் தார்ப்பாய் முதலில் மிக்ஸருக்கு, மிச்சமிருந்தால் எங்களுக்கு. இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. பிடித்துத்தான் செய்கிறேன்.

பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். விடியற்காலையில் எல்.ஆர். ஈஸ்வரி குரலில் அம்மன் பாட்டு ஓட வேண்டும். அதை மாற்றினால் ஊரே எழுந்து வந்துவிடும். முளைப்பாரி அன்று பெண்கள் தாங்களே பாடிக் கும்மி அடிப்பார்கள். அப்போது எனக்கு ஒரு மைக்கைப் பிடிப்பதைத் தவிர வேலை இல்லை. நையாண்டி மேளம் வாசிக்கும்போதும் செட்டை அணைத்துவிடுவேன். இளவட்டங்கள் கத்தினாலும் சரி. நாங்கள் வந்ததால் மேளக்காரர்களுக்கு வாய்ப்பு குறைந்தது என்பது பொய்யில்லை. அவர்கள் வாசிக்கும் நேரத்தையாவது விட்டுக்கொடுக்க வேண்டாமா?

ராத்திரிதான் எங்கள் நேரம். எண்பதுகளின் படப்பாட்டை மிக்ஸ் செய்வது லேசான காரியமில்லை. அந்தக் காலத்தில் கலைஞர்கள் உட்கார்ந்து நேரடியாக வாசித்துப் பதிவு செய்தார்கள். அதனால் பாட்டுக்குள்ளேயே வேகம் கொஞ்சம் ஏறும், இறங்கும். லேப்டாப் போடும் பீட் கணக்கு நடுவில் வழுக்கிவிடும். விரலை எடுக்காமல் கூடவே இழுத்துப் பிடித்துப் போக வேண்டும். அடுத்து ஆறு தட்டில் ஓடும் குத்துப்பாட்டை நாலு தட்டு பீட்டோடு சேர்க்கிற கூத்து இருக்கிறதே, அதற்கே தனிப் பதிவு போடலாம்.

ஆனால் கூட்டத்தை ஆட வைப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எந்த ஊரில், எந்தத் தெரு முனையில், எதைப் போடக்கூடாது என்று தெரிந்து வைத்திருப்பதில்தான் இந்தத் தொழிலே இருக்கிறது.

அந்தப் பென் டிரைவில் என்ன இருக்கும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். சாதிப் பெருமை, ஒரு தலைவர் பேர், அரிவாள், நாங்கள்தான் ஆண்டோம் என்ற வீராப்பு, சிலதில் பக்கத்துத் தெருக்காரர்களை நேராகவே குத்தும் வரிகள். ஊர்வலம் கிளம்பும்போது அதைப் போடச் சொல்ல மாட்டார்கள். கோவில் வாசலிலும் கேட்க மாட்டார்கள். வண்டி அந்த இன்னொரு தெரு முனையில் திரும்பும்போதுதான் ஓடி வந்து, "அண்ணே, இதைப் போடுங்கண்ணே" என்பார்கள். இவ்வளவு வருடத்தில் வேறு இடத்தில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. இது பாட்டுக் கேட்கிற ஆசையா?

அப்புறம் நடப்பதும் தெரிந்ததுதான். ஒரு கல் விழும். வழக்கு, சமாதானக் கூட்டம், அடுத்த வருடம் திருவிழா நடக்குமா நடக்காதா என்ற இழுபறி. பென் டிரைவ் கொடுத்த தம்பி பேரும் எஃப்.ஐ.ஆரில் ஏறும். அரசு வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ போலீஸ் விசாரணை வரும்போது அவன் அம்மாதான் ஸ்டேஷனுக்கும் வக்கீல் வீட்டுக்கும் நடக்கும்.

"எங்க சாமி, எங்க காசு, எங்க பாட்டு" என்கிறார்கள். காசு, வீட்டுக்கு வீடு வசூலிக்கும் தலைக்கட்டு வரி. சண்டை வேண்டாம் என்று நினைக்கும் வீடுகளும் அந்த வரியைக் கட்டியிருக்கின்றன. "சினிமாவிலேயே வருதே" என்று இன்னொரு கேள்வி. நியாயம்தான். சாதாரண சினிமாப் பாட்டுகளையே சாதிக்கு ஒன்றாகப் பங்கு போட்டு வைத்திருக்கிறோம். ஒரு ஊரில் எல்லோரும் ஆடும் பாட்டு, அடுத்த ஊரில் வம்பு இழுக்கும். அதனால்தான் புது ஊர் என்றால் மதியமே போய் டீக்கடையில் உட்கார்ந்து நாலு பேரிடம் பேச்சுக் கொடுப்பேன். சவுண்டு செக் அங்கேதான் தொடங்குகிறது.

இதில் எனக்கு இருக்கும் ஒரே கவசம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு ஊர்க்காரர்கள் அங்கே போவது எல்லோருக்கும் தெரியும். ஆபாச நடனம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, சாதி, மதம், கட்சி சார்ந்த பாட்டோ பேனரோ கூடாது, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டுத்தான் அனுமதி கொடுப்பார்கள். கமிட்டிகள் இதைத் தொந்தரவு என்கின்றன. எனக்கோ, "தம்பி, ஆர்டர்ல இருக்குப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னால் பாதிப் பிரச்சினை அங்கேயே அடங்கிவிடுகிறது.

பத்து மணிக் கெடுவையும் நான் ஆதரிக்கிறேன். தொழில் நண்பர்கள் திட்டுவார்கள், பரவாயில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம். விடிய விடிய நடக்கும் நாடகக்காரர்களுக்கு இது பெரிய இடி, அவர்கள் வருத்தம் நியாயமானது. எங்களுக்கு அப்படி இல்லை. பென் டிரைவ் வருவதே பெரும்பாலும் பத்து மணிக்கு மேல், சரக்கு உள்ளே போன பிறகுதான்.

அதே விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல் என்று இருக்கிறது. நாலு பேர் சேர்ந்து பேசினாலே அதைத் தாண்டிவிடும். அந்த அளவில் எந்தத் திருவிழாவும் நடக்காது. அதற்காக இஷ்டத்துக்கு ஏற்றிவிடலாம் என்றும் இல்லை. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வேலை செய்யலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பது காது பாதுகாப்புக் கணக்கு. 100 டெசிபலில் வெறும் பதினைந்து நிமிடம். என் பையன்களுக்குக் காதடைப்பான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மாட்டச் சொன்னால் கூச்சப்படுகிறார்கள்.

காவல்துறைக்கும் ஒரு வேண்டுகோள். தகராறு என்றதும் முதலில் தூக்குவது எங்கள் மிக்ஸரையும் ஆம்ப்ளிஃபயரையும்தான். வட்டிக்கு வாங்கிய செட் ஸ்டேஷனில் தூசி படியும்போது எங்கள் சீசன் முடிந்துபோகிறது. பாட்டைக் கேட்டவர், போடச் சொன்ன கமிட்டிக்காரர் யாரென்று முதலில் விசாரியுங்கள். நாங்களாகவே போட்டிருந்தால் தாராளமாக எங்களைப் பிடியுங்கள்.

அதற்கு வசதியாக இந்த வருடம் என் பில்லிலேயே அச்சடித்துவிட்டேன். பாட்டுச் சொல்ல கமிட்டியில் ஒரே ஆள், அவர் கையெழுத்து வேண்டும். வெளிப் பென் டிரைவ் கிடையாது. தகராறு தொடங்கினால் செட் நிற்கும், அட்வான்ஸ் திரும்பாது. இதைப் படித்துவிட்டு, "பக்கத்து ஊர் செட்டுக்காரர் எதுவும் கேட்காமல் போடுவார், ரேட்டும் கம்மி" என்று கிளம்பிப் போனவர்கள் உண்டு. போகட்டும். ஆனால் அந்தப் பக்கத்து ஊர் செட்டுக்காரர்களும் இந்தப் பதிவைப் படிப்பீர்கள் என்று தெரியும். நான் ஒருவன் மறுத்தால் எனக்கு ஒரு ஆர்டர் போகும், அவ்வளவுதான். வாடிப்பட்டியிலிருந்து நத்தம் வரை எல்லோரும் மறுத்தால் அவர்கள் யாரிடம் போவார்கள்? பில் மாதிரி வேண்டுமென்றால் இன்பாக்ஸுக்கு வாருங்கள், அனுப்புகிறேன். உங்கள் கடைப் பேரைப் போட்டு அடித்துக்கொள்ளலாம்.