ஜாக்குலின் டு பிரேயைத் தனியாக உட்கார வைக்காதீர்கள்

ஜாக்குலின் டு பிரே என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அவருடைய நோய்தான். 28 வயதில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய் உறுதி செய்யப்பட்டு, 1987இல் 42 வயதில் மறைந்த அந்த பிரிட்டிஷ் செல்லோ (வில்லால் இழைத்து வாசிக்கும், வயலினைவிடப் பெரிய தந்தி வாத்தியம்) கலைஞரைப் பற்றி எழுதுகிறவர்கள், அவர் 1965இல் பதிவு செய்த, ஆங்கில இசையமைப்பாளர் எல்கரின் செல்லோ கான்செர்ட்டோவில்கூட (வாத்தியக் குழுவோடு ஒரு தனிவாத்தியம் வாசிக்கும் படைப்பு) வரப்போகும் துயரத்தைத் தேடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்த ஆகஸ்டில் லண்டன் கிங்ஸ்வே ஹாலில் வாசித்தவர் நோயின் நிழல்கூடப் படாத 20 வயதுப் பெண். அந்த இசையில் இருக்கும் துக்கம் முதல் உலகப் போர் முடிந்த காலத்து எல்கருடையது. அதை அந்தப் பெண்ணின் கணக்கில் எழுதுவது அவருடைய திறமையைக் குறைப்பதாகும். அவரை ஒற்றை மேதையாகத் தனியே நிறுத்துவதும் அப்படித்தான்.

அந்தப் பதிவை இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் நான்கு கனத்த கூட்டுச்சுரங்களோடு செல்லோ தொடங்குகிறது. சற்று நேரத்தில் ஒதுங்கிவிடுகிறது. முக்கிய மெட்டை முதலில் பாடுவது, வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாக்கள்தாம். அவை பாடி முடிக்கும்வரை செல்லோ காத்திருந்து, அதன் பிறகே அதே மெட்டை எடுத்துக்கொள்கிறது. ஜாக்குலின் அதை வாங்கும் விதத்தில், அதுவரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது தெரிகிறது. அன்று நடத்துநராக நின்ற ஜான் பார்பிரோலியும் செல்லோக்காரர்தான். 1919இல் இந்த கான்செர்ட்டோ போதிய ஒத்திகையில்லாமல் அரங்கேறிச் சொதப்பிய மாலையில், வாத்தியக் குழுவின் செல்லோ வரிசையில் உட்கார்ந்து வாசித்தவர்.

ஆக்ஸ்போர்டில் 1945இல் பிறந்த ஜாக்குலின், ஐந்து வயது நிறையும் முன்பே வானொலியில் செல்லோவைக் கேட்டு, அந்தச் சத்தம்தான் வேண்டும் என்று கேட்டாராம். அம்மா ஐரிஸ் பியானோ கலைஞர். மகள் தூங்கிய பிறகு அவளுக்கென்று சின்னஞ்சிறு மெட்டுகளை எழுதி, ஓரத்தில் படமும் வரைந்து, கட்டிலருகே வைத்துவிடுவார். காலையில் கண் விழித்ததும் மகள் அதை எடுத்து வாசிப்பாள். பத்து வயதில் கிடைத்த ஆசிரியர் வில்லியம் பிளீத், அலெக்ரி குவார்டெட் என்ற நால்வர் குழுவில் செல்லோ வாசித்தவர், அதாவது நால்வரில் ஒருவராக இருக்கத் தெரிந்தவர். அவரை ஜாக்குலின் தன்னுடைய ‘செல்லோ அப்பா’ என்றே அழைத்தார். போர்ச்சுகீசிய செல்லோ கலைஞர் கில்லர்மினா சுஜியாவின் ஸ்ட்ராடிவாரியஸ் என்னும் புகழ்பெற்ற பழைய செல்லோவை விற்ற பணத்தில் அமைந்த உதவித்தொகை, 1956இல் முதன்முதலாக இந்த 11 வயதுச் சிறுமிக்குத்தான் கிடைத்தது. தேர்வுக் குழுவில் இருந்தவர் அதே பார்பிரோலி. பின்னாளில் செல்லோ மேதைகளான கசால்ஸ், டோர்டெலியே, ரோஸ்ட்ரோபோவிச் ஆகியோரிடமும் கற்றார் என்றாலும், பிளீத்தின் இடத்தை யாரும் பிடிக்கவில்லை.

பியானோ கலைஞர் டேனியல் பாரன்பாயிமை ஜாக்குலின் 1966 கிறிஸ்துமஸ் சமயத்தில், இன்னொரு பியானோ கலைஞரான ஃபூ சாங்கின் வீட்டில் சந்தித்தார். மாலை வணக்கம் சொல்லிக்கொள்வதற்குப் பதிலாக இருவரும் உட்கார்ந்து பிராம்ஸின் இசையை வாசித்தார்கள் என்று ஜாக்குலினே சொல்லியிருக்கிறார். அடுத்த ஜூனில் ஜெருசலேமில் திருமணம். அவர்கள் சேர்ந்து வாசித்த சொனாட்டாக்களில் (இங்கே செல்லோவும் பியானோவும் மட்டும் வாசிக்கும் படைப்புகள்) பியானோவைப் பக்கவாத்தியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முன்பு பியானோ கலைஞர் ஸ்டீபன் பிஷப்புடன் வாசித்த பீத்தோவன் சொனாட்டாக்களுக்கும் இது பொருந்தும்.

இப்படிச் சேர்ந்து வாசித்ததன் உச்சம் 1969 ஆகஸ்ட் 30, குயீன் எலிசபெத் ஹாலில் சூபர்ட்டின் ‘ட்ரவுட்’ குவின்டெட், அதாவது ஐந்து வாத்தியங்களுக்கான படைப்பு. பியானோவில் பாரன்பாயிம், வயலினில் மறுநாள் 24 வயது நிறையப்போகும் இட்சாக் பெர்ல்மன், வயலினை வைத்துவிட்டு வயோலா எடுத்த 21 வயது பிங்கஸ் சுக்கர்மன், செல்லோவைவிடப் பெரிய, தாழ்ந்த குரல் கொண்ட டபுள் பாஸில் பம்பாய்க்காரரான நடத்துநர் ஜூபின் மேத்தா. ஐவரில் மூத்தவரான மேத்தாவுக்கே 33தான். கிறிஸ்டோபர் நூப்பன் எடுத்த ஆவணப்படத்தில், கச்சேரிக்கு முன் இவர்கள் ஒருவர் வாத்தியத்தை ஒருவர் பிடுங்கி வாசித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடச் சுற்றுலா போல இருக்கும். மேடை ஏறியதும் அதே குறும்பு கவனமாக மாறுகிறது. குவின்டெட்டில் டபுள் பாஸ் இருப்பதால், அடித்தளத்தைத் தாங்கும் வேலையிலிருந்து செல்லோவுக்குப் பெரிதும் விடுதலை கிடைக்கிறது; ஒரே மெட்டை விதவிதமாக மாற்றி வாசிக்கும் நான்காம் பகுதியின் ஐந்தாவது மாறுபாட்டில் மெட்டு முழுக்க அதன் கைக்கு வந்துவிடுகிறது. ஜாக்குலின் அங்கே பாடுகிறார், ஆனால் மற்ற நால்வரையும் விட்டுத் தனியே போகவில்லை. அவரை ஒற்றை மேதை என்பவர்கள் இந்தச் சில நிமிடங்களையாவது கேட்க வேண்டும்.

அவருடைய குடும்ப விவகாரங்களைப் பற்றி உடன்பிறந்தோர் எழுதிய புத்தகத்தையும், அதிலிருந்து வந்த 1998 திரைப்படத்தையும் வைத்து நடந்த சண்டைக்குள் நான் போகவில்லை. அதில் யார் பக்கம் நியாயம் என்று தெரிந்துகொள்வதால் ஒரு சுரமும் கூடுதலாகக் காதில் விழப்போவதில்லை.

1973 பிப்ரவரியில் லண்டனில் கடைசியாக எல்கர் வாசித்தபோது நடத்தியவர் மேத்தா. அதே மாதம் நியூயார்க்கில், லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் நடத்த, பிராம்ஸின் இரட்டைக் கான்செர்ட்டோ. விரல்கள் தந்தியில் எங்கே இருக்கின்றன என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் அறிய வேண்டிய நிலை. நான்கு நாள் கச்சேரியில் நான்காம் நாள் அவரால் மேடையேற முடியவில்லை. அந்த இசையில் வாத்தியக் குழு நான்கே தாளச் சுற்றுகள் முழங்கி நின்றதும் செல்லோ தன்னந்தனியாகப் பேசத் தொடங்க வேண்டும். பிறகுதான் வயலின் வந்து சேரும். அந்த வயலினை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவர் சுக்கர்மன்.